பேய் மேடத்தின் மூக்கு

வேலையில் சேர்ந்த முதல் நாள், என் சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை முகர்ந்து பார்த்தார்கள்.

எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை நான் எங்கே போனாலும் சொல்லிவிடுவேன், இங்கேயும் சொல்லியாயிற்று. அந்தப் பெருமையில் புதுச் சட்டை, முகம் நிறையப் பவுடர், கழுத்தில் இரண்டு சொட்டு சென்ட் என்று மாப்பிள்ளை மாதிரிப் போய் நின்றேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூக்கை என் தோள் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கெமிஸ்ட்ரி நல்லாப் படிச்சிருக்கீங்க போல தம்பி. பாதியை மேலயே கொட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. வீட்டுக்குப் போய் வெறும் தண்ணியில குளிச்சிட்டு நாளைக்கு வாங்க."

அவர்தான் மேடம். இந்தக் கதை அவருடையது.

எங்கள் ஆய்வகத்தின் வேலை நாற்றத்தை அளப்பது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகார் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்பார்கள். காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை இயந்திரம் சொல்லிவிடும். அது மனிதனுக்கு நாறுகிறதா என்பதை மட்டும் எந்த இயந்திரமும் சொல்லாது. அதற்கு மனித மூக்குதான் வேண்டும். டைப்பிஸ்ட் அக்கா, ஜீப் ஓட்டுகிறவர், நான் என்று அலுவலகத்திலேயே ஆள் பொறுக்கி ஒரு மூக்குக் குழு வைத்திருந்தார்கள். பின்பக்கம் ஓர் அறை. வடிகட்டிய காற்றைத் தவிர அதற்குள் எதுவும் வராது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் உட்காருவோம். மூன்று பைகள் வரும். இரண்டில் சாதாரணக் காற்று, ஒன்றில் புகார்க் காற்று. எது என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொல்லக் கூடாது; குருட்டாம்போக்கிலாவது ஒன்றைக் காட்ட வேண்டும். பையைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கே எதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முகத்தைப் பார்த்துக்கூட விடையைத் திருட முடியாது.

அந்தக் குழுவில் மூக்கு என்றால் மேடம் மூக்குதான். மேடம் ஒரு லாரி மெக்கானிக்கின் மகள். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டே வாசலில் வந்து நிற்பது சித்தப்பாவா, பால்காரரா, வாடகை கேட்க வந்தவரா என்று சொல்லிவிடுவாராம். வாடகைக்காரர் வரும் நாளில் அந்தத் திறமை வீட்டுக்கு ரொம்ப உபயோகமாக இருந்ததாம்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு முதுகுக்குப் பின்னால் அலுவலகம் வைத்திருந்த பெயர், பேய் மேடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பம்பையும் பைகளையும் தூக்கிக்கொண்டு பேய் வீடுகளுக்குப் போய்விடுவார். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் வகைப் பேய்களை அவர் சட்டையே செய்ய மாட்டார். அவருக்கு வேண்டியது மணக்கிற பேய். செத்துப்போன மாமியாரின் சோப்பு வாசனை அடிக்கும் குளியலறை, இறந்த முதலாளியின் சுருட்டு வாசனை வரும் கடை மாடி, இந்த மாதிரி.

எனக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. நான் வளர்ந்த கிராமத்தில் பேய்க்குப் பஞ்சமில்லை. கல்லூரிக்குப் போனதில் எனக்குக் கிடைத்த முதல் லாபமே, இருட்டில் தனியாக நடக்கலாம் என்பதுதான். அவ்வளவு தூரம் படித்து வெளியே வந்தால், எனக்கு வாய்த்த விஞ்ஞானி பேயைத் தேடிப் போகிறார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் மேடம்" என்றேன் ஒருநாள், பம்பைச் சுமந்துகொண்டே.

"கண்ணுக்குத்தானே சொல்லியிருக்காங்க. மூக்கைப் பத்தி யாராவது சொன்னாங்களா?"

அப்புறம்தான் அவருடைய அத்தை கதையைச் சொன்னார். மாமா இறந்த பிறகு, சாயங்காலம் ஆனால் அவர் பிடிக்கும் சிகரெட் வாசனை ஜன்னலோரம் வருகிறது என்று அத்தை சொல்லியிருக்கிறார். வீடே சேர்ந்து அவரைப் பைத்தியம் என்றது. வைத்தியரிடம் கொண்டுபோய் மாத்திரை கொடுத்து, நாளெல்லாம் தூங்கவைத்தார்கள். "எனக்கும் அந்த வாசனை வந்துச்சு தம்பி. எனக்குப் பத்து வயசு. ஆமா, மாமா வாசனைன்னு சொன்னேன். பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. அத்தை அந்த மாத்திரையோடவே போய்ச் சேந்தாங்க. நான் பேயைத் தேடல. வாசனை வருதுன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களா இல்லையான்னு பாக்கறேன், அவ்வளவுதான்."

பார்க்கும் முறை எங்கள் ஆய்வக முறைதான். முதல் வேலை, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வெளியே அனுப்புவது. ஆளுக்கு ஆள் வாசனை உண்டு. அது கலந்தால் சோதனை கெட்டுப்போகும். என்னையே முதல் நாள் வெளியே அனுப்பியவர் அல்லவா? வீடு காலியானதும் காற்றைப் பையில் பிடிப்போம். வேறு இரண்டு வீட்டுக் காற்றும் சேர்த்து, வாசனை வருகிறது என்றவரிடமே மூன்று பைகளைக் கொடுப்போம். சில இடங்களில் சரியாகக் காட்டுவார்கள். தேடினால் அடைத்த சாக்கடையோ, அலமாரிக்குப் பின்னால் செத்த எலியோ, ஈரத்தில் ஊறிய பழைய பசையோ கிடைக்கும். பல இடங்களில் பைகளைப் பார்த்து விழிப்பார்கள். மேடம் அவர்களைக் கேலி செய்ததில்லை. "இன்னிக்கு வரல" என்று மட்டும் சொல்லி மூட்டையைக் கட்டுவார்.

போன வருடம் மேடத்துக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நாள் மறைத்து வைத்திருப்பார்கள். மேடம் திரும்பி வந்த அன்றே நேராகத் தலைவர் அறைக்குப் போய், "எனக்கு எதுவும் தெரியல சார். குழுவிலிருந்து எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் தலைவருக்கு ஸ்பீடு பிரேக்கர் என்று பெயர். எந்த ஃபைலும் அவர் மேசைக்கு வந்தால் ஒரு குலுக்குக் குலுக்கித்தான் போகும். அவர் நல்லவர்தான், ஆனால் விதி விதிதான். வருடாந்தர மூக்குச் சோதனை வரைக்கும் பார்ப்போம், அதிலும் தேறவில்லையென்றால் மாடியில் ஆவணப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

மேடம் தினமும் காலையில் மேசைமேல் எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று சின்னச் சின்னப் பாட்டில்களை அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருப்பார். மறந்துபோன நரம்புக்குப் பாடம் நடத்துவது அது. எலுமிச்சைப் பாட்டிலை வெகுநேரம் மூக்கில் வைத்திருந்துவிட்டு மூடுவார். "தண்ணி" என்பார். அவ்வளவுதான்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் காலையில் முகமே வேறு மாதிரி வந்தார். பாட்டில்களைத் தொடவில்லை.

"தம்பி, வீட்டுக்கு வந்துட்டாரு."

"யாரு மேடம்?"

"அவருதான்."

மேடத்தின் கணவர் பஸ் டிரைவர். நாலு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். சிகரெட்டை விடுவதற்காகப் பெப்பர்மிண்ட் சாப்பிட ஆரம்பித்தவர், கடைசிவரை அதை விடவில்லை. அவர் வாசனை என்றால் டீசலும் பெப்பர்மிண்டும். "உன் மூக்குக்குப் பயந்துதான்டி நான் ஒழுங்கா இருக்கேன்" என்பாராம். அந்த வாசனை இப்போது மத்தியான வேளைகளில், பின்கதவுப் பக்கம் இருக்கும் நடையில் வருகிறதாம். எல்லா நாளும் இல்லை. வந்தால் கொஞ்ச நேரம் நிற்கிறதாம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் மகளுக்குத் தெரிந்திருந்தது. மகள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம். நான் அவர்கள் வீட்டுக்குப் போனால், "வாங்க சயின்டிஸ்ட் சார், இன்னிக்கு எந்தப் பிசாசு?" என்றுதான் வரவேற்பாள். அவள் அன்று கேலி செய்யவில்லை.

"அம்மா, இது பேயும் இல்ல, அப்பாவும் இல்ல. நரம்பு கெட்டுப்போனா இல்லாத வாசனை வரும். வார்டுல எத்தனை பேரைப் பாக்கறேன்? இதுக்கு மாத்திரை இருக்கு."

"மாத்திரை சாப்பிட்டா?"

"வாசனை நின்னுடும்."

"அப்போ அவரும் போயிடுவாரு."

"அப்பா போய் நாலு வருசம் ஆச்சும்மா!"

கத்திவிட்டு அவளே உள்ளே போய்விட்டாள். மேடம் என்னைப் பார்த்தார். "மூணு பை சொல்லட்டும் தம்பி. காத்துல இருந்தா அவரு. இல்லேன்னா எனக்குத்தான் கெட்டுப்போச்சு. மாத்திரையைச் சாப்பிட்டுட்டு மாடிக்குப் போயிடறேன்."

வழக்கமான முறையிலேயே செய்தோம். மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். மேடத்தையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, அந்த நடையில் பம்பை வைத்தேன். சுவரில் காலியான இரண்டு கொக்கிகள், ஒரு குடை, துடைத்துவைத்த செருப்பு ஸ்டாண்டு. ஒரு வீடு அதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது. டைப்பிஸ்ட் அக்கா வீட்டிலும் என் அறையிலும் பிடித்த பைகளோடு அதைச் சேர்த்துக் கொடுத்தோம்.

மேடம் தவறான பையைக் காட்டினார். மறுபடி கலைத்துக் கொடுத்தோம். மறுபடியும் தவறு. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சரி. இன்னிக்கு வரல" என்றார். மற்றவர் வீடுகளில் சொல்லும் அதே வார்த்தை. அன்றைக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

டாக்டரும் மகள் சொன்னதையே சொன்னார். மாத்திரை வாங்கியாயிற்று, பிரிக்கவில்லை. மூக்குச் சோதனை முடியட்டும், அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறேன் என்று மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

சோதனை நாளன்று நாங்கள் எல்லோரும் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தோம். தடுப்புக்கு அப்பால் மேடம். இந்தப் பக்கம் தலைவர், டைப்பிஸ்ட் அக்கா, நான். முதல் மூன்று பைகள், தவறு. அடுத்த மூன்றும் தவறு. தலைவர் தொண்டையைக் கனைத்தார். டைப்பிஸ்ட் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசைப் பைகளை எடுக்க நான் திரும்பினேன்.

அப்போது எனக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிற கதவு. யார் என்று நான் பார்ப்பதற்குள் தடுப்புக்கு அப்பாலிருந்து மேடத்தின் குரல் வந்தது, கத்தலாக இல்லை, வீட்டில் சொல்வது மாதிரி:

"வந்துட்டாரு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டம், சான்றிதழ் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

கதவில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். யூனிபாரத்துக்கு மேலே பச்சை ஸ்வெட்டர், கையில் மாத்திரைப் பை.

"இன்னும் முடியலையா? வெளிய யாருமே இல்ல, அதான்..." என்றாள். எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"யாரோ பெப்பர்மிண்ட் சாப்பிட்டிருக்காங்க" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"நான் இல்லை" என்றார் தலைவர், அவசரமாக.

மேடம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்து, ஸ்வெட்டர் ஓரத்தை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார்.

"டீசல்" என்றார். "என்னடி இது?"

"பஸ்ல வந்தேம்மா. கையை விடு, எல்லாரும் பாக்கறாங்க."

"நீ ரயில்லதானே வருவ?"

"புது வார்டுக்கு மாத்தினதிலேர்ந்து பஸ்."

"எந்த பஸ்?"

மேடம் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். காகிதம் சுற்றிய பெப்பர்மிண்ட்கள். அவர் கணவர் வாங்கும் மிட்டாயின் அதே பச்சைக் கோட்டுக் காகிதம்.

"அப்பா ஓட்டின பஸ்" என்றாள் மகள். "இப்போ அவரோட சிநேகிதர் ஓட்டறாரு. எஞ்சின் பக்கத்து சீட்டை எனக்கு வச்சிருப்பாரு."

"அது ஊரைச் சுத்திக்கிட்டு வருமேடி?"

"சுத்தட்டும்."

நீளமான வாய் என்று சொன்னேனே, அந்த வாய் கோணிக்கொண்டது. "உங்கிட்ட எப்படிச் சொல்றது? நாந்தானே அப்பா இல்ல, போயிட்டாருன்னு கத்திக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொல்லி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மேடம் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அவர் மூக்கு இன்னும் ஸ்வெட்டரில்தான் இருந்தது.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நடையில் காலியாக இருந்த கொக்கிகள்! அன்றைக்கு நான் காற்றுப் பிடித்தபோது இந்த ஸ்வெட்டர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அவள் ஷிப்ட் முடிந்து வந்து மாட்டும் மத்தியானங்களில்தான் அவர் 'வந்திருக்கிறார்'. எத்தனை வீடுகளில் நாங்கள் முதல் காரியமாக ஆட்களை வெளியே துரத்தியிருக்கிறோம்! சுவரை முகர்ந்தோம், சாக்கடையை முகர்ந்தோம், செத்த எலியைக்கூட விடவில்லை. வீட்டு மனிதர்களை மட்டும் முகர்ந்ததில்லை. எங்கள் தொழிலில் மனிதன் என்றால் மூக்கு. நாங்கள் தேடும் வாசனை மனிதனிடமே இருக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தலைவர் மறுபடி கனைத்தார். கண் கலங்கியிருந்தாலும் ஸ்பீடு பிரேக்கர் ஸ்பீடு பிரேக்கர்தான்.

"எல்லாம் சரி. ஆனா பெப்பர்மிண்டுக்கு மூக்கு தேவையில்லையே? அந்தக் குளிர்ச்சி வேற நரம்புல போகுது. மூக்கு செத்தவனுக்கும் அது தெரியும். அதை வச்சு ஊகிச்சிருக்கலாமில்லையா?"

"ஊகிச்சிருக்கலாம் சார்" என்றார் மேடம் உடனே. "பையில போடுங்க."

மிட்டாயை எல்லாம் எடுத்துவிட்டு, ஸ்வெட்டரை வெளியே உதறிப் பெப்பர்மிண்ட் வாசம் மட்டும் போக வைத்து ஒரு பைக்குள் போட்டோம். டைப்பிஸ்ட் அக்காவின் ஸ்வெட்டர் ஒரு பையில், என் மேல்சட்டை ஒரு பையில். நான் அன்று பனியனோடு நின்றதை டைப்பிஸ்ட் அக்கா இன்றுவரை விட்டபாடில்லை. அந்தப் பைகளின் காற்றைத் தலைவரே அறைக்கு வெளியே வேறு மூன்று பைகளில் பிடித்து, கலைத்து அனுப்பினார். எது எது என்று உள்ளே இருந்த யாருக்கும் தெரியாது.

மேடம் ஒன்றைக் காட்டினார். சரி. மறுபடி கலைத்தார். சரி. தலைவருக்குத் திருப்தி வரும்வரை கலைத்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மகள் கதவின் கண்ணாடிக்கு அப்பால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள். தலைவர் 'சரி' என்றதும் நான் தலையை ஆட்டினேன்.

"எலுமிச்சை தெரியுதா?" என்றார் தலைவர்.

"தண்ணி மாதிரி இருக்கு."

"டீசல் மட்டும்தானா?"

"இப்போதைக்கு."

தலைவர் யோசித்தார். அவர் யோசித்தால் ஊரே காத்திருக்க வேண்டும். "பஸ் டிப்போ பக்கத்துப் புகார் நாலஞ்சு கிடக்கு. அது எல்லாத்தையும் நீங்களே பாருங்க. மத்த வாசனை வர வர மத்த ஃபைல் தரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மாடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாத்திரை தேவையில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நரம்பு திரும்ப முளைக்கும்போது, ஏதாவது ஒரு வாசனை முந்திக்கொண்டு வருவதுண்டாம். எது முந்தும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மேடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். "நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன் தம்பி. வந்துட்டாருன்னு சொன்னேன். வந்தது மகள்னு திருத்திக்கங்க." திருத்தினேன். சாயங்காலம் இதை மகளிடம் சொன்னபோது, "பாதி சரின்னு போடுங்க சயின்டிஸ்ட் சார்" என்றாள். எங்கள் பதிவேட்டில் அப்படிப் போட இடமில்லை.

"அத்தைக்கு ஒரு பையன் இருந்தான்" என்றார் மேடம் ஒருநாள், கிராம்புப் பாட்டிலை மூடியபடி. "மாமா போனப்போ அவனுக்குப் பதினாறு பதினேழு வயசு இருக்கும். அவங்க அப்பா சிகரெட்டு எந்த டப்பாவுல இருக்குன்னு அவனுக்குத் தெரியும்." பாட்டிலை வரிசையில் வைத்துவிட்டு, "இப்போ வயசான மனுசன். போன் நம்பர் இருக்கு" என்றார்.

"கேக்கலாமே மேடம்?"

"கேட்டா அவரு தாங்குவாரா? அவங்க அம்மா சாப்பிட்ட மாத்திரை எல்லாம் ஞாபகம் வருமே. அத்தை பொய் சொல்லல. எனக்கு அது போதும்."

எதையும் சோதிக்காமல் விடாத மேடம், அதை மட்டும் சோதிக்கவில்லை.

பேய் இல்லை என்று இப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். "ஒரு வீட்ல இல்லேன்னு தெரிஞ்சிருக்கு. மத்த வீடு?" என்றார். ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்கின்றன. இப்போது நாங்கள் அந்தச் சுற்று பஸ்ஸில்தான் போகிறோம். மகளுக்கு விடுமுறை என்றால் அவளும் வருவாள், எஞ்சின் பக்கத்து சீட்டில் அம்மாவும் மகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து ஆளுக்கொரு பெப்பர்மிண்டை வாயில் போட்டுக்கொள்வார்கள். போன வாரம் எலுமிச்சை லேசாகத் தெரிந்ததாம். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அன்று மகளும் கூட வர நாங்கள் போனது, குளியலறையில் மாமியாரின் சோப்பு மணக்கும் அந்தப் பழைய வீட்டுக்கு. முன்பு 'இன்னிக்கு வரல' என்று நாங்கள் மூட்டை கட்டிய வீடு. கதவைத் திறந்தவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கம்போல வெளியே போகத் தயாராக நின்றார்.

"நீங்க போகவேண்டாம்" என்றார் மேடம். "கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களை மோந்து பாக்கணும்."

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி தட்டினார்.